விடை மட்டும் போதாது

அல்காரிதம் பேராசிரியர் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினால், கேட்பவர் மனத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒரு படம்தான் எழும். நாள் முழுக்கக் கணினியில் நிரல் எழுதிக்கொண்டிருப்பவர் என்பது ஒன்று. யாருக்கும் பயன்படாத கணக்குகளைக் கரும்பலகையில் எழுதி அழிப்பவர் என்பது மற்றொன்று. முதல் படத்தை நம்புகிறவர், அந்த வேலைக்கு மென்பொருள் நிறுவனம் போதுமே, பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்கிறார். இரண்டாவதை நம்புகிறவர், அதற்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்று கேட்கிறார்.

இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. ஆனால் இரண்டு படங்களும் பிழையானவை. இதைப் பொதுவாகப் பேசிப் புரியவைப்பது கடினம். ஒருவருடைய பணிவாழ்வை எடுத்துவைத்துப் பொறுமையாகப் பார்த்தால் விளங்கிவிடும். ஜெர்மனியின் குர்ட் மேல்ஹோர்ன் அதற்குப் பொருத்தமானவர். கோட்பாட்டில் தொடங்கி, பாடநூல் எழுதி, மென்பொருள் படைத்து, அந்த மென்பொருளில் பிழை கண்டு, அந்தப் பிழையிலிருந்தே ஒரு புதிய கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஒரு முறை சரியானது என்று காகிதத்தில் நிரூபிப்பதும், அது கணினியில் சரியாக இயங்குவதும் வேறு வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடப்பதே அவருடைய ஐம்பதாண்டுப் பணியின் சாரம்.

எல்லைப்புற ஊரில் ஒரு தொடக்கம்

மேல்ஹோர்ன் 1949-இல் பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் பிறந்தவர். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் படித்தார். பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ராபர்ட் கான்ஸ்டபிளின் வழிகாட்டுதலில் 1974-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள் கணிப்புச் சிக்கல் கோட்பாடு. எந்தக் கணக்குகளை எவ்வளவு காலத்துக்குள் செய்ய முடியும் என்பதை வைத்து அவற்றை வகைபிரிக்கும் துறை அது. அதில் எந்தக் கணினியையும் இயக்க வேண்டிய தேவை இல்லை. பின்னாளில் பல்லாயிரம் வரி நிரல் கொண்ட ஒரு மென்பொருளுக்குப் பொறுப்பேற்கப் போகிறவர், இவ்வளவு தூய கோட்பாட்டில்தான் தொடங்கினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பியவருக்கு 1975-இல், இருபதுகளின் நடுவயதிலேயே, சார்ப்ரூக்கன் நகரிலுள்ள சார்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. சார்லாந்து பிரான்ஸ் எல்லையை ஒட்டிய சிறிய மாநிலம். நிலக்கரியும் எஃகும் அன்று அதன் பிழைப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்ஸின் கட்டுப்பாட்டில் இருந்து, 1957-இல்தான் மேற்கு ஜெர்மனியுடன் இணைந்தது. அதன் பல்கலைக்கழகம் 1948-இல் பிரெஞ்சு உதவியுடன் தொடங்கப்பட்டது. பழம்பெருமை பேசும் ஹைடெல்பெர்க் போன்ற ஊர்களோடு ஒப்பிட்டால் இது நேற்று முளைத்தது. ஆனால் கணினி அறிவியலும் நேற்று முளைத்த துறைதானே. குந்தர் ஹாட்ஸ் போன்றவர்கள் 1960களின் இறுதியிலேயே அங்கே அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டிருந்தார்கள். இளைஞர்களை நம்பிப் பொறுப்பு கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பணியில் சேர்ந்த மறு ஆண்டே மேல்ஹோர்ன் துறைத்தலைவர் ஆனார்.

தேடல் மரமும் ஒரு தேற்றமும்

கோட்பாட்டாளர் என்னதான் செய்கிறார்? மேல்ஹோர்னின் ஆரம்பகால ஆய்வு ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

அகரவரிசையில் அடுக்கிய பத்து லட்சம் சொற்களில் ஒன்றைத் தேட வேண்டும். நடுவில் உள்ள சொல்லைப் பார்த்து, நாம் தேடுவது அதற்கு முன்னா பின்னா என்று முடிவு செய்து, பாதியைத் தள்ளிவிட்டு மீதிப் பாதியில் மறுபடி நடுவைப் பார்த்தால், இருபது ஒப்பீடுகளுக்குள் விடை வந்துவிடும். இந்த ஒப்பீடுகளின் வரிசையைக் கிளைவிடும் மரமாக வரையலாம். அதற்குத் தேடல் மரம் என்று பெயர்.

ஆனால் எல்லாச் சொற்களையும் மக்கள் ஒரே அளவில் தேடுவதில்லை. சிலவற்றை நாள்தோறும் தேடுவார்கள், சிலவற்றை வருடத்துக்கு ஒருமுறை. அடிக்கடி தேடப்படும் சொல் மரத்தின் உச்சிக்கு அருகில் இருந்தால் மொத்த வேலை குறையும். எல்லா மரங்களிலும் சிறந்ததைக் கண்டுபிடிக்கும் வழியை டொனால்ட் நூத் 1971-இல் கொடுத்தார். அதற்கு ஆகும் வேலை சொற்களின் எண்ணிக்கையின் வர்க்கத்தை ஒட்டி வளரும். ஒரு லட்சம் சொற்களுக்கு ஆயிரம் கோடிப் படிகள். அன்றைய கணினிகளுக்கு அது நடக்கிற காரியம் அல்ல.

அப்படியானால் சுருக்குவழி உண்டா? இயல்பாகத் தோன்றும் விதிகள் இரண்டு. அதிகம் தேடப்படும் சொல்லை உச்சியில் வை, மீதியை அதேபோல் பிரித்துக்கொண்டே போ என்பது முதல் விதி. இடப்பக்கத்தில் உள்ள சொற்களின் மொத்தத் தேடல் எண்ணிக்கையும் வலப்பக்கத்தில் உள்ளவற்றின் எண்ணிக்கையும் ஏறக்குறையச் சமமாகும்படி உச்சிச் சொல்லைத் தேர்ந்தெடு என்பது இரண்டாம் விதி. யாரைக் கேட்டாலும் முதல் விதிதான் சரி என்பார்கள். ஆனால் ஆயிரம் சொற்கள் ஏறக்குறைய ஒரே அளவில் தேடப்பட்டு, அகரவரிசையில் முன்னால் வரும் ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததைவிட மயிரிழை அளவு கூடுதலாகத் தேடப்பட்டால் என்ன ஆகும்? முதல் விதி மரத்தை ஒற்றைச் சங்கிலியாக்கிவிடும். பத்து ஒப்பீட்டில் கிடைக்க வேண்டியதற்கு நூற்றுக்கணக்கில் ஒப்பிட வேண்டி வரும்.

இரண்டாம் விதி அப்படிக் கவிழ்வதே இல்லை, எந்த நிலையிலும் மிகச் சிறந்த மரத்துக்கு வெகு அருகிலேயே நிற்கும் என்பதை 1975-இல் வெளியான கட்டுரையில் மேல்ஹோர்ன் நிரூபித்தார். சில மாதிரிகளில் ஓட்டிப்பார்த்துச் சொன்ன முடிவல்ல இது. இதுவரை யாரும் பார்த்திராத, இனிமேல் வரப்போகிற எல்லாத் தரவுக்கும் பொருந்தும் உத்தரவாதம். கோட்பாட்டாளரின் வேலை இதுதான். நல்லதாகத் தோன்றும் விதிகளில் எது உண்மையிலேயே நல்லது, எது ஆளைக் கவிழ்க்கும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் பிரித்துக் காட்டுவது.

இதே தரத்திலான வேலைகள் தொடர்ந்தன. சாலை வலையமைப்பில் மிகக் குறுகிய பாதையைக் காணும் டைக்ஸ்ட்ராவின் 1959-ஆம் ஆண்டு அல்காரிதத்தை விரைவுபடுத்தும் முறை ஒன்றை ரவீந்திர அஹுஜா, ஜேம்ஸ் ஆர்லின், ராபர்ட் டார்ஜன் ஆகியோருடன் சேர்ந்து 1990-இல் வெளியிட்டார். 1984-இல் மூன்று தொகுதிகளாக வந்த அவருடைய தரவுக் கட்டமைப்புப் பாடநூல், வரிசைப்படுத்தலிலிருந்து வடிவியல் கணிப்பு வரை அன்றைய துறை முழுவதையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது.

புத்தகத்துக்கும் கணினிக்கும் நடுவே

இத்துடன் நின்றிருந்தாலும் அது மதிப்புக்குரிய பணிவாழ்வாகவே இருந்திருக்கும். ஆனால் 1980களின் இறுதியில் ஒரு சங்கடமான உண்மை துறையினர் பலருக்கும் உறுத்தத் தொடங்கியிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு மேலும் விரைவான அல்காரிதங்கள் வெளியாகிக்கொண்டிருந்தன. தொழில்துறையில் நிரல் எழுதுபவர்கள் அவற்றைத் தொடக்கூட இல்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்துப் பக்கக் கட்டுரையில் உள்ள முறையை நிரலாக்க, அதற்கு அடியில் உள்ள ஐந்தாறு தரவுக் கட்டமைப்புகளை முதலில் எழுத வேண்டும். கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன இடம் நிரலில் ஒரு மாத வேலையாக நிற்கும். அவசரத்தில் இருப்பவர் பழைய, மெதுவான, எளிய வழியையே எழுதிவிட்டுப் போவார்.

இந்த இடைவெளியை நிரப்ப, தம் மாணவரும் சக ஆய்வாளருமான ஸ்டெஃபான் நேஹருடன் மேல்ஹோர்ன் தொடங்கிய திட்டம்தான் லேடா. அடுக்கு, வரிசை, முன்னுரிமை வரிசை, தேடல் மரம், கோட்டுரு, வடிவியல் உருவங்கள் என்று எல்லாவற்றையும் சி பிளஸ் பிளஸ் மொழியில் முறையாக எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரே நிரல் நூலகமாக்குவது நோக்கம். லேடாவை வைத்துக்கொண்டு எழுதினால், பாடநூலில் உள்ள அல்காரிதம் ஏறக்குறைய அதே வடிவில், அதே நீளத்தில் இயங்கும் நிரலாகிவிடும். 1995-இல் அதற்கென்று அல்காரிதமிக் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தை நேஹர், கிறிஸ்டியான் ஊரிக் ஆகியோருடன் சேர்ந்து தொடங்கினார். லேடாவின் ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதை விளக்கி 1999-இல் மேல்ஹோர்னும் நேஹரும் வெளியிட்ட நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும்.

கல்வி உலகில் இதற்கு என்ன மதிப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். பேராசிரியர்களை எடைபோடும் தராசில் ஆய்வுக் கட்டுரைகள் மட்டுமே ஏறுவது வழக்கம். மென்பொருளைப் பத்தாண்டு பராமரித்தால் அது ஒரு கட்டுரையாகக்கூட எண்ணப்படாமல் போகலாம். ஏற்கெனவே நிலையான பதவியில் இருந்த ஒருவரால்தான் இந்த ஆபத்தை எடுக்க முடிந்தது. பலன் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுக்கென்று அமெரிக்காவின் ஏ.சி.எம். என்ற கணினியியலாளர் அமைப்பு வழங்கும் பாரிஸ் கானெல்லாகிஸ் விருது, லேடாவை முன்னிட்டு மேல்ஹோர்னுக்கு 2010-இல் அளிக்கப்பட்டது.

நிரூபித்த முறையே தடுமாறிய கதை

லேடா வேலை தொடங்கியதும் இரண்டு அடிகள் விழுந்தன. இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி இதுதான்.

முதல் அடி வடிவியலில். ஒரு கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு புள்ளி இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்பது வடிவியல் அல்காரிதங்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி. சில பெருக்கல், சில கழித்தல். வரும் விடை கூட்டலா கழித்தலா என்று பார்த்தால் போதும். நிரூபணங்கள் எல்லாம் இந்தக் கணக்கு துல்லியமாக நடக்கும் என்று எடுத்துக்கொண்டே எழுதப்படுகின்றன. கணினியோ தசம எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களோடு வெட்டிவிடுகிறது. பத்தில் ஒன்று என்ற சாதாரண எண்ணைக்கூட இருமக் கணக்கில் முழுமையாக எழுத முடியாது. புள்ளி கோட்டுக்கு மிக நெருக்கத்தில் இருக்கும்போது, இந்த வெட்டலால் இடம் வலமாகிவிடும். ஒரு முறை அப்படித் தப்பினால், அதன் மேல் கட்டப்பட்ட அல்காரிதம் மொத்தமும் சரியும். மேல்ஹோர்னும் நான்கு சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட கட்டுரை இதை வகுப்பறைக்கு ஏற்ற எளிய எடுத்துக்காட்டுகளால் காட்டுகிறது. சில புள்ளிகளைச் சுற்றி இழுத்துக் கட்டிய வேலிபோன்ற எல்லையைக் கண்டுபிடிக்கும் எளிய நிரல், கண்முன்னே தெரியும் ஒரு புள்ளியை வேலிக்கு வெளியே விட்டுவிடுகிறது; சில வேளை முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தீர்வு, துல்லியக் கணக்கு. ஆனால் எல்லா இடத்திலும் துல்லியமாகக் கணக்கிட்டால் வேகம் போய்விடும். ஆகவே முதலில் விரைவான கணக்கைப் போட்டு, அதில் எவ்வளவு பிழை வரக்கூடும் என்பதையும் கூடவே கணிக்க வேண்டும். விடையின் குறி ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்றால் அத்துடன் விட்டுவிடலாம். ஐயம் இருந்தால் மட்டும் துல்லியக் கணக்குக்குப் போகலாம். லேடாவிலும், ஐரோப்பிய ஆய்வுக் கூடங்கள் பல சேர்ந்து 1990களில் உருவாக்கிய சிகால் என்ற வடிவியல் நிரல் நூலகத்திலும் இந்த அணுகுமுறை இடம்பெற்றது.

இரண்டாவது அடி இன்னும் ஆழமானது. அதைப் புரிந்துகொள்ள ஒரு புதிரில் தொடங்குவோம். மூன்று வீடுகள், மூன்று இணைப்பு நிலையங்கள்: தண்ணீர், மின்சாரம், எரிவாயு. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று இணைப்பும் கொடுக்க வேண்டும். காகிதத்தில் எந்தக் கோடும் இன்னொன்றை வெட்டக் கூடாது. எப்படி வளைத்து வரைந்தாலும் முடியாது. ஐந்து புள்ளிகளை ஒவ்வொன்றும் மற்ற நான்கோடும் இணையும்படி வரைந்தாலும் அதே கதைதான். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்த அமைப்பைக் கோட்டுரு என்கிறோம். கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் தாளில் வரையக்கூடிய கோட்டுரு சமதளக் கோட்டுரு. மின்சுற்றுப் பலகை வடிவமைப்பவர்களுக்கு இது அன்றாடத் தேவை. ஒரு கோட்டுரு சமதளத்தில் அடங்குமா என்று அதன் அளவுக்கு நேர்விகிதமான நேரத்துக்குள் சொல்லும் அல்காரிதத்தை ஜான் ஹாப்கிராஃப்டும் ராபர்ட் டார்ஜனும் 1974-இல் வெளியிட்டார்கள். துறையின் பெருமைக்குரிய சாதனைகளில் ஒன்று அது, நுணுக்கமானதும்கூட.

இந்தச் சோதனையை லேடாவில் சேர்த்தார்கள். கோட்டுருவைக் கொடுத்தால் அடங்கும், அடங்காது என்று விடை வரும். 1990களின் தொடக்கத்தில் சக ஆய்வாளர் ஒருவர் ஒரு கோட்டுருவை அனுப்பினார். கோடுகள் எதுவும் வெட்டாமல் அழகாக வரைந்த படம் அது. லேடாவோ அது அடங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அல்காரிதத்தில் தவறில்லை, நிரலில் தவறு. மூல அல்காரிதம் நிரூபிக்கப்பட்டது, எழுதியவர்கள் துறையின் தேர்ந்த கைகள், நிரல் பல காலமாகப் பயன்பாட்டில் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் அது தப்பாக விடை சொன்னது, அதுவும் எந்தத் தயக்கமும் இல்லாமல்.

பிழையைத் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். மேல்ஹோர்னும் நேஹரும் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். அடங்காது என்று ஒற்றைச் சொல்லில் விடை வந்தால், அதைப் பயன்படுத்துகிறவர் எதை வைத்து நம்புவது?

சாட்சியோடு வரும் விடை

வவுச்சர் இல்லாத செலவைத் தணிக்கையாளர் ஏற்பதில்லை. எழுதியவர் எவ்வளவு நேர்மையானவர் என்பது அங்கே பேச்சே இல்லை. நிரலின் விடைக்கும் அதே விதியைக் கொண்டுவந்தார்கள். நிரல் விடையை மட்டும் தரக் கூடாது. அந்த விடை சரி என்று காட்டும் சாட்சியையும் சேர்த்துத் தர வேண்டும். சாட்சியைச் சரிபார்ப்பது, விடையைக் கண்டுபிடிப்பதைவிட மிக எளிதாக இருக்க வேண்டும்.

சிறிய எடுத்துக்காட்டில் தொடங்குவோம். 252, 105 ஆகிய இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி 21 என்கிறது ஒரு நிரல். 21 இரண்டையும் மீதியின்றி வகுக்கிறது என்பதை யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய வகுத்தி இல்லை என்பதை எப்படி நம்புவது? நிரல் இன்னொரு தகவலையும் தருகிறது: 105-இன் ஐந்து மடங்கிலிருந்து 252-இன் இரண்டு மடங்கைக் கழித்தால் 21. அதாவது 525 கழித்தல் 504. இரண்டு எண்களையும் வகுக்கும் எந்த எண்ணும் இந்த மிச்சத்தையும் வகுத்தாக வேண்டும்; 21-ஐ வகுக்கும் எண் 21-ஐவிடப் பெரிதாக இருக்க முடியாது. முடிந்தது கதை. நிரலை எழுதியவர் யார், உள்ளே என்ன நடந்தது என்று எதுவும் தெரியாமலே, ஒரு பள்ளி மாணவர் விடையை உறுதி செய்துகொள்ளலாம்.

சமதளக் கோட்டுருவுக்கும் சாட்சி உண்டு. போலந்துக் கணிதவியலாளர் காசிமிர் குராடோவ்ஸ்கி 1930-இல் நிறுவிய தேற்றம் அதைத் தருகிறது. சமதளத்தில் அடங்காத எந்தக் கோட்டுருவை எடுத்தாலும், அதற்குள் மேலே சொன்ன மூன்று வீடு மூன்று இணைப்பு அமைப்போ, ஐந்து புள்ளி அமைப்போ ஒளிந்திருக்கும். கோடுகளின் நடுவே கூடுதல் புள்ளிகள் இருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே அடங்காது என்று சொல்லும் நிரல், அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்ட வேண்டும். அடங்கும் என்று சொன்னால், எப்படி வரையலாம் என்பதைத் தர வேண்டும். தரும் வரைவு சரியா என்பதை ஆய்லரின் பழைய சூத்திரத்தால் சோதிக்கலாம். புள்ளிகளின் எண்ணிக்கையில் கோடுகளைக் கழித்து, கோடுகள் பிரிக்கும் பரப்புகளைக் கூட்டினால், ஒரே இணைப்பாக உள்ள கோட்டுருவுக்கு 2 வர வேண்டும். கனசதுரத்தின் சட்டத்தை எடுத்துக்கொண்டால் 8 புள்ளி, 12 கோடு, 6 பரப்பு, விடை 2. திருத்திய லேடா இரண்டு வகைச் சாட்சிகளையும் தரத் தொடங்கியது.

இதிலிருந்து விரிந்ததுதான் சான்றளிக்கும் அல்காரிதங்கள் என்ற துறை. ராஸ் மெக்கானெல், மேல்ஹோர்ன், நேஹர், பாஸ்கல் ஷ்வைட்ஸர் ஆகிய நால்வரும் 2011-இல் இதைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை இன்று அடிப்படை வாசிப்பு. அடுத்த படியாக, சாட்சியைச் சோதிக்கும் சிறிய நிரல் சரியானதுதானா என்பதையே இஸபெல் போன்ற நிரூபண மென்பொருளால் உறுதி செய்யும் வேலையிலும் மேல்ஹோர்ன் ஈடுபட்டார். பெரிய நிரலை முழுக்க நிரூபிப்பது மலைப்பான காரியம்; சிறிய சோதனை நிரலை நிரூபிப்பது கைக்கு எட்டுவது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கேள்விக்கும் குட்டையான சாட்சி கிடைத்துவிடாது. சில கணக்குகளில் இதைவிடச் சிறந்த விடை இல்லை என்று காட்டும் சாட்சியே பூதாகரமாக வளரும். வேறு சிலவற்றுக்கு எளிய சாட்சி உண்டா என்று கண்டுபிடிப்பதே தனி ஆய்வு. சாட்சி என்பது சர்வரோக நிவாரணி அல்ல. ஆனால் கிடைக்கிற இடத்தில் அதைக் கேட்காமல் விடுவது அலட்சியம்.

தனிமனிதரும் நிறுவனமும்

இத்தனையும் ஒரு மனிதரின் கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் நடந்ததாக எழுதினால் அது பாதி உண்மை. மீதிப் பாதி நிறுவனங்களில் இருக்கிறது.

ஜெர்மனியில் பேராசிரியர் பதவி பெரும்பாலும் வாழ்நாள் அரசுப் பணி. அடுத்த ஆண்டு வேலை இருக்குமோ என்ற அச்சம் இல்லாதவர்தான் பத்தாண்டுத் திட்டம் தொடங்குவார். 1980களின் பிற்பகுதியில் மேல்ஹோர்ன், ஹாட்ஸ், வோல்ஃப்காங் பால் ஆகிய மூன்று சார்ப்ரூக்கன் பேராசிரியர்களுக்கும் சேர்த்து லைப்னிட்ஸ் பரிசு கிடைத்தது. ஜெர்மன் ஆய்வு மன்றம் தரும் இந்தப் பரிசின் சிறப்பு, அதன் தொகையை ஆய்வுக்காக எப்படிச் செலவிடுவது என்று பெற்றவரே முடிவு செய்யலாம் என்பதுதான்.

அதே காலத்தில் நிலக்கரியும் எஃகும் சரிந்துகொண்டிருந்த சார்லாந்தில் கணினி அறிவியல் நிறுவனங்கள் அடுத்தடுத்து எழுந்தன. 1988-இல் ஜெர்மன் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையம், சார்ப்ரூக்கனும் பக்கத்து மாநிலத்தின் கைசர்ஸ்லாட்டர்னும் இணைந்த அமைப்பாக வந்தது. 1990-இல், உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வந்து ஒரு வாரம் தங்கி விவாதிக்கும் டாக்ஸ்டூல் மையம் தொடங்கியது. அதே 1990-இல் சார்ப்ரூக்கனின் மாக்ஸ் பிளாங்க் கணினி அறிவியல் நிறுவனம் செயல்படத் தொடங்க, மேல்ஹோர்ன் அதன் நிறுவன இயக்குநர்களில் ஒருவரானார். மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களில் இயக்குநருக்கு வகுப்பெடுக்கும் கட்டாயம் இல்லை. இவர் பல்கலைக்கழகப் பாடத்தை விடவில்லை. கணினி அறிவியல் படிக்காத மாணவர்களுக்கு அதன் அடிப்படைக் கருத்துகளைச் சொல்லும் பாடத்தையும் நடத்தினார். 2002 முதல் 2008 வரை, இந்த நிறுவனங்களை நடத்தும் மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் துணைத்தலைவராகவும் இருந்தார்.

அங்கே உருவானவர்களைப் பார்த்தால் பயன் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற சூசன்னே ஆல்பர்ஸ், எதிர்காலம் தெரியாத நிலையில் முடிவெடுக்கும் அல்காரிதங்களுக்காக 2008-இல் லைப்னிட்ஸ் பரிசு பெற்றார். ஹன்னா பாஸ்ட், பேருந்து ரயில் பயணத் திட்டங்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தரும் முறையை கூகுளில் இருந்தபோது உருவாக்கியவர்களில் ஒருவர். சார்ப்ரூக்கன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பணியாற்றிப் பின் கார்ல்ஸ்ரூவே சென்ற பீட்டர் சாண்டர்ஸின் குழு, சாலை வழிகாட்டும் மென்பொருள்களின் வேகத்தையே மாற்றியது. அவரும் மேல்ஹோர்னும் 2008-இல் சேர்ந்து எழுதிய பாடநூல் பல பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறது.

இந்தியாவுக்கும் இந்த வலையில் இடம் உண்டு. டில்லி ஐ.ஐ.டி.யை மையமாகக் கொண்டு 2010-இல் இந்திய-ஜெர்மன் மாக்ஸ் பிளாங்க் கணினி அறிவியல் மையம் அமைந்தது. இன்ஃபோசிஸ் பரிசின் பொறியியல், கணினி அறிவியல் நடுவர் குழுவில் 2009 முதல் 2011 வரை மேல்ஹோர்ன் இருந்தார். மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் தெலிகேபள்ளி கவிதாவும் அவரும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, பிரிக்க முடியாத பொருள்களைப் பலருக்குப் பங்கிடும் கணக்கைப் பற்றியது. சில பொருள்களை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் தனியே ஒதுக்கச் சம்மதித்தால், மற்றவற்றை ஏறக்குறைய யாரும் யார் மீதும் பொறாமைப்படாதபடி பங்கிடலாம் என்று அது காட்டுகிறது.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் எடுத்த பொருள் இன்னும் வியப்பானது. புதிர்ப்பாதையின் இரு முனைகளில் உணவை வைத்தால், ஃபைசாரம் என்ற பூசணம் போன்ற ஓருயிர் தன் உடலைக் குறுகிய பாதையில் மட்டும் நீட்டிக்கொள்கிறது என்று ஜப்பானில் ஆய்வாளர்கள் 2000-இல் காட்டியிருந்தார்கள். அந்த உயிரின் நடத்தையை விளக்கும் கணிதச் சமன்பாடு, எந்த வலையமைப்பிலும் குறுகிய பாதையில்தான் போய் நிற்கும் என்பதை வின்சென்சோ போனிஃபாச்சி, கிரிஷ் வர்மா ஆகியோருடன் சேர்ந்து 2012-இல் அவர் நிரூபித்தார். இதனால் எந்த நிறுவனத்துக்கும் உடனே லாபம் இல்லை. தேடல் மரத்தின் விதியும் 1975-இல் அப்படித்தான் இருந்தது.

நாம் எதைப் பார்க்க வேண்டும்

தொடங்கிய இரண்டு கேள்விகளுக்கு இப்போது விடை சொல்லலாம். மென்பொருள் நிறுவனம் போதாதா? போதாது. இனிமேல் வரப்போகிற எல்லாத் தரவுக்கும் உத்தரவாதம் தரும் தேற்றத்துக்கு எந்த வாடிக்கையாளரும் விலை தருவதில்லை. பயன்பாட்டில் இருக்கும் நிரலின் பிழையைத் திருத்திய பிறகும் உட்கார்ந்து, விடை என்பது என்னவாக இருக்க வேண்டும் என்று யோசிக்க நிறுவனத்தின் காலக்கெடு இடம் தருவதில்லை. வரிப்பணம் எதற்கு? தேற்றத்துக்கும் இயங்கும் நிரலுக்கும் நடுவே உள்ள தூரத்தை யாரேனும் பொறுமையாகக் கடக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு நிலையான பதவியும் கேள்வி கேட்காத நிதியும் தேவை.

ஆகவே கல்வியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போதும் உயர்த்தும்போதும் கட்டுரைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. அவருடைய முறையைப் பிறர் எடுத்துப் பயன்படுத்த முடிகிறதா, தம் பிழையை வெளியே சொல்லி அதிலிருந்து ஏதேனும் கட்டினாரா, அவரிடம் படித்தவர்கள் எங்கே என்ன செய்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பல்கலைக்கழகங்களின் தேர்வுக்குழுக்கள் நல்ல மென்பொருளை நல்ல கட்டுரைக்குச் சமமாக மதிக்கப் பழக வேண்டும்.

வாசகருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடன் மறுப்பு, மதிப்பெண், மருத்துவப் பரிந்துரை என்று இன்று நம்மைப் பற்றிய எத்தனையோ முடிவுகளை நிரல்கள் ஒற்றைச் சொல்லில் அறிவிக்கின்றன. சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது என்பது விளக்கம் ஆகாது. மீப்பெரு பொது வகுத்திக்கே சாட்சி கேட்கலாம் என்றால், நம் வாழ்க்கையைப் பற்றிய முடிவுக்குத் தாராளமாகக் கேட்கலாம். கேளுங்கள்.